மாமாவின் டெக்னிக்கல் பேனாக்களை மீண்டும் எழுதவைக்க முடியுமா?

ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலிருந்து (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா டர்பனில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டிராஃப்ட்ஸ்மேனாக (கட்டட வரைபடம் போன்றவற்றை வரைபவராக) பணியாற்றியவர். சென்ற ஆண்டு அவர் காலமானபின், அவர் மேசையிலிருந்த ராட்ரிங் ஐசோகிராஃப் பேனாக்கள் (ஒரே கனத்தில் மைக்கோடு போடும் டெக்னிக்கல் பேனாக்கள்) ஐந்தையும் அத்தை என்னிடம் கொடுத்தார்கள். பேனாக்களின் உடலில் எழுதியிருந்த அளவுகள் தேய்ந்துவிட்டன. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பழுப்பு, நீலம் என்று வளையங்களின் நிறங்கள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

எங்கள் பாட்டன் பூட்டன் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டிய சிறு மாரியம்மன் கோவில் ஒன்று டர்பனுக்கு வடக்கே இருக்கிறது. அதன் விமானத்தையும் முன்மண்டபத்தையும் தம்பியும் நானும் நாடா பிடித்து அளந்து முடித்துவிட்டோம். நீளம் ஏறத்தாழ 13 மீட்டர், கலசம் வரை உயரம் 9 மீட்டர். இதை ஏ2 டிரேசிங் பேப்பரில் 1:25 அளவில் மையால் வரைந்து, கோவில் மலரில் ஏ4 பக்கமாக அச்சிட வேண்டும் என்பது குழுவினரின் விருப்பம். கணினியில் வரையலாமே என்று பலர் கேட்டார்கள். மாமா பல ஆண்டுகளாக வரைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த படம் இது என்பதால், அவருடைய பேனாவாலேயே அதை முடித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

சிக்கல் இதுதான். ஐந்தில் மூன்று பேனாக்களில் மை கல்லாக உறைந்திருக்கிறது. மஞ்சளும் நீலமும் அத்தை வீட்டிலேயே கழுவியவுடன் உயிர்பெற்றன. இரண்டிலும் பாதியளவு புது மை நிரப்பி வரைந்து பார்த்தேன், கோடு அழகாக வந்தது. மறுநாள் காரில் கொண்டுவந்து இங்கே மூடியைத் திறந்தபோது, மூடிக்குள் மை தேங்கி விரலெல்லாம் கருத்துவிட்டது. துடைத்து வைத்தேன். ஒரே வாரத்தில் அவையும் எழுத மறுக்கின்றன. பேனாக்கள் பழுதாகிவிட்டனவா, அல்லது நான் ஏதோ தவறு செய்கிறேனா? உறைந்த மையை எடுக்கும் முறையையும், இந்த முனைகளால் வரையும் முறையையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

அம்மா, பேனாக்கள் பழுதாகவில்லை. நானும் வரைபலகையின் முன் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நிறங்கள். சிவப்பு 0.18 மி.மீ., வெள்ளை 0.25, மஞ்சள் 0.35, பழுப்பு 0.5, நீலம் 0.7. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ4 தாளிலிருந்து ஏ3 தாளுக்குப் பெரிதாக்கும்போதும் நீள அகலங்கள் இதே மடங்கில்தான் பெருகும். ஆகவே ஏ3 படத்தில் 0.35ஆல் வரைந்த கோடு, ஏ4 ஆகச் சுருக்கியபின் 0.25 கோடாக நிற்கும். அந்தச் சுருக்கிய படத்தில் ஏதேனும் சேர்க்க வேண்டுமானால் வெள்ளை வளையப் பேனாவை எடுத்தால் போதும், புதுக்கோடும் பழைய கோடும் ஒன்றாகவே தெரியும்.

இனி மை கசிந்த காரணம். டர்பன் கடலோரம், நீங்கள் இருப்பதோ ஏறக்குறைய 1600 மீட்டர் உயரத்தில். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் ஜோகன்னஸ்பர்க் பகுதியில் 83 அளவில்தான் இருக்கும். பாதி மை, பாதி காற்று என்று இருந்த மைக்கூட்டில், கீழே அடைபட்ட காற்று, வழியிலுள்ள வான் ரீனன் மலைக்கணவாய் ஏறி மேலே வருவதற்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விரிந்திருக்கும். விரிந்த காற்றுக்கு இடம் வேண்டுமே, அது மையைத் தள்ளுகிறது. ஐசோகிராஃபின் முனைக்குப் பின்னால் திருகுபோல் சுற்றிச் செல்லும் நுண்ணிய வாய்க்கால் ஒன்று உண்டு. சிறிதளவு மை தள்ளப்பட்டால் அது தாங்கிக்கொள்ளும், இவ்வளவைத் தாங்காது. ஆகவே மேலேயும் கீழேயும் பயணம் செய்யும்போது மைக்கூட்டைக் காலி செய்து கழுவிவிடுங்கள். அது இயலாவிட்டால் முழுவதும் நிரப்பி, முனை மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்திக் கொண்டுவாருங்கள். காற்று குறைவாக இருந்தால் விரிவும் குறைவு. மை தீரும் தறுவாயிலுள்ள பேனாவை நெடுநேரம் கையில் பிடித்திருக்கும்போது சொட்டு விழுவதற்கும் காரணம் இதுவே: கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிகிறது. மைக்கூட்டில் கால்பங்கு மிஞ்சும்போதே நிரப்பிவிடுவது என் வழக்கம்.

ஒரே வாரத்தில் உலர்ந்ததற்கு உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர்காலம்தான் காரணம். ஜூன், ஜூலையில் அங்கே உதடு வெடிக்கும் அளவுக்குக் காற்று வறண்டிருக்கிறது. பழைய மூடிகளின் உள்ளிருக்கும் அடைப்பு இறுகிப்போனால் காற்று புகும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரப்பஞ்சு ஒன்றை ஓர் ஓரமாக வைத்து, முனை மேலே பார்க்கும்படி பேனாக்களை நிறுத்தி வைத்தால் நெடுநாள் தாங்கும். இரண்டு மூன்று வாரங்களுக்கு வரையப் போவதில்லை என்றால் மையை எடுத்துக் கழுவி, வெறுமையாக வைப்பதே நல்லது.

உறைந்த மூன்றையும் எப்படி மீட்பது என்பதற்கு வருகிறேன். முனையின் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டால் எதைச் செய்யக்கூடாது என்பது தானே விளங்கிவிடும். எழுதும் குழலுக்குள் தலைமுடி போன்ற ஊசிக்கம்பி ஒன்று இருக்கிறது, அதன் மறுமுனை சிறிய எடை ஒன்றில் பொருத்தப்பட்டிருக்கிறது. பேனா தாளைத் தொடும்போது கம்பி சற்றே மேலெழும்ப, அதைச் சுற்றியுள்ள நுண்ணிய இடைவெளியில் மை இறங்குகிறது. பேனாவை மெல்லக் குலுக்கினால் 'டிக் டிக்' என்று கேட்கும் ஒலி அந்த எடை முன்னும் பின்னும் நகரும் ஒலி. கம்பி குழலுக்குள் ஓடித் துளையைத் துப்புரவாக வைத்துக்கொள்கிறது. உறைந்த பேனாவில் அந்த ஒலி வராது, ஏனென்றால் கம்பியும் குழலும் மையால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நிலையில் வலுவாகத் திருகினாலோ எடையைப் பிடித்து இழுத்தாலோ கம்பி வளையும், அல்லது அறும். வளைந்த கம்பியை நேராக்கி மீண்டும் வேலை வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

ஆகையால் பொறுமையாகச் செய்யுங்கள். மைக்கூட்டைக் கழற்றிவிட்டு, முன்பகுதி முழுவதையும் வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் கோணிவிடும். காலையில் நீர் கருத்திருக்கும். நீரை மாற்றி மீண்டும் ஊறவிடுங்கள். பேனாவுடன் வந்த சாவியால் முனையை மெல்லத் திருகிப் பாருங்கள், அசையாவிட்டால் இன்னும் ஒரு நாள் ஊறட்டும். வெறும் நீருக்கு மசியாத மைக்கு, கடையில் கிடைக்கும் வீட்டு அம்மோனியாவில் ஒரு பங்குடன் பத்துப் பங்கு நீர் சேர்த்து, சன்னலைத் திறந்துவைத்து ஊறப்போடுங்கள். ஜிக் போன்ற வெளுப்பு நீரை மட்டும் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள்: அம்மோனியாவுடன் கலந்தால் நுரையீரலைக் கெடுக்கும் நச்சுக்காற்று எழும், எஃகு முனையும் அரிக்கப்படும். சாராயம், தின்னர் ஆகியவையும் வேண்டாம். தெளிந்த பிளாஸ்டிக் பாகங்களில் அவை விரிசல் உண்டாக்கும்.

மை இளகியபின், ஊசியில்லாத சிரிஞ்சால் முனையின் பின்புறத்திலிருந்து நீரை மெல்லச் செலுத்துங்கள். நீர் தெளிவாக வந்து, காதருகே வைத்துக் குலுக்கும்போது ஒலியும் கேட்டால் பேனா பிழைத்துவிட்டது என்று பொருள். 0.25, 0.18 ஆகிய இரண்டிலும் கம்பியை எக்காரணம் கொண்டும் வெளியே எடுக்காதீர்கள். பெரிய முனைகளில் எடுக்க நேர்ந்தால், திரும்பப் போடும்போது முனையைச் செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பிடித்து, எடை தன் பாரத்தாலேயே இறங்கும்படி விட்டால் கம்பி தானே துளையைக் கண்டுகொள்ளும். விரலால் தள்ளக் கூடாது.

மை வாங்கும்போது டெக்னிக்கல் பேனாவுக்கென்றே செய்யப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். தொட்டு எழுதும் பேனாவுக்கான, அரக்கு கலந்த இந்தியன் இங்க் இந்த முனைகளுக்குள் உலர்ந்தால் மீட்பது மிகக் கடினம். ஊற்றுப்பேனா மையோ தாளில் பரவும், வெயிலில் வெளுக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

ஐயா சொன்னவை அனைத்தும் சரியே. ஆயினும் மலர் அச்சாகும் நாள் நெருங்கியிருந்தால், நிறமி மை கொண்ட நார்முனைப் பேனாக்களை வாங்கி வரைந்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. கழுவ வேண்டாம், கசியாது, தீர்ந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பள்ளியில் மாணவர்களுக்கு வரைகலை சொல்லிக்கொடுக்கும் நான் பத்தாண்டுகளாக அவற்றையே பயன்படுத்துகிறேன்.

டர்பன், பெரியாவிலிருந்து

தாவரங்களின் கோட்டோவியங்களை வரைவது என் தொழில். சகோதரர் சொல்லும் நார்முனைப் பேனாக்களை நானும் வெளிப்பயணங்களில் எடுத்துச் செல்கிறேன். ஆனால் இந்தப் படத்துக்கு அவை பொருந்தா. டிரேசிங் பேப்பரில் அவற்றின் மை உலரத் தாமதமாகும், கை பட்டால் இழுக்கும். அத்துடன், அளவுகோலின் விளிம்பில் ஓடியோடி நார் தேய்ந்து, படத்தின் தொடக்கத்தில் 0.3 ஆக இருந்த கோடு முடிவில் 0.4 ஆகிவிடும். விமானத்தில் தளத்துக்குத் தளம் ஒரே கபோதமும் (வளைந்த கூரை விளிம்பு) ஒரே கூடும் (லாட வடிவ வளைவு அலங்காரம்) திரும்பத் திரும்ப வருகின்றனவே, கோட்டின் கனம் மாறினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். எஃகுக் குழலின் கோடு முதல் நாளும் கடைசி நாளும் ஒன்றுதான்.

வரையும் முறை குறித்து ஐயா எழுதாதவற்றை நான் சொல்கிறேன், அக்கா. பேனாவை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். நாம் எழுதும்போது பிடிப்பதுபோல் சாய்த்தால் குழலின் ஒரு விளிம்பு மட்டும் தாளைத் தொடும், கோடு ஒருபக்கம் மெலிந்து கிழிசலாக வரும். அழுத்தவே கூடாது, பேனாவின் பாரமே போதும். தள்ளாமல் இழுத்து வரையுங்கள், வேகம் முழுக்க ஒரே சீராக இருக்கட்டும். கோடு முடியும் இடத்தில் தயங்கினால் அங்கே மை குமிழ்போல் தேங்கும். ஆதலால் கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே பேனாவை மேலே எடுத்துவிட வேண்டும்.

அளவுகோலின் விளிம்பு தாளோடு ஒட்டியிருந்தால் மை அதன் அடியில் ஊர்ந்து பெரிய கறையாகிவிடும். மைக்கோட்டுக்கென்று விளிம்பில் படிவைத்த அளவுகோல்கள் உண்டு. கிடைக்காவிட்டால் சாய்விளிம்புள்ள அளவுகோலைக் கவிழ்த்துப் போட்டால் விளிம்பு தாளைத் தொடாமல் நிற்கும். வளைவுகளையெல்லாம் முதலில் வரைந்துவிட்டு நேர்கோடுகளை அவற்றோடு வந்து சேரச் செய்யுங்கள். நேர்கோட்டின் நுனிக்கு வளைவைக் கொண்டுவந்து பொருத்துவதைவிட இது பலமடங்கு எளிது. கூடுகளின் வளைவுக்குக் காம்பஸில் பேனாவைப் பொருத்தும் இணைப்பு மாமாவின் பெட்டியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

டிரேசிங் பேப்பரில் கையின் எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்காது, கோடு விட்டுவிட்டு வரும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும். பிழை நேர்ந்தால், மை நன்றாக உலர்ந்தபின் புது பிளேடின் விளிம்பைக் கிடையாக வைத்து மெல்லச் சுரண்டுங்கள். மை தாளின் மேற்பரப்பில்தான் நிற்கிறது, எளிதில் வந்துவிடும். சுரண்டிய இடம் சொரசொரப்பாக இருக்கும், நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே அதன்மேல் மீண்டும் வரைய வேண்டும். இந்தத் தாள் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். டர்பனில் பென்சிலால் வரைந்து லெனேசியாவில் மையிட்டால் நீளத்தில் வேறுபாடு தென்படலாம் என்பதால் இரண்டையும் ஓரிடத்திலேயே செய்யுங்கள். பாலியெஸ்டர் ஃபிலிம் விரிவதில்லைதான். ஆனால் அது எஃகு முனையைத் தேய்த்துவிடும், அதற்கு டங்ஸ்டன் கார்பைடு முனைகள் வேண்டும். மாமாவின் முனைகளை அதில் ஓட்டாதீர்கள்.

சுதைச் சிற்பங்களின் நிழலைப் புள்ளிகளால் காட்ட நினைத்தால் இந்தப் பேனாவைவிடச் சிறந்தது இல்லை, ஒவ்வொரு புள்ளியும் ஒரே விட்டத்தில் விழும். குத்தாமல் தொட்டு எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான குத்தல்களில் கம்பி கெட்டுவிடும்.

இறுதியாக, அச்சு. ஏ2 படம் ஏ4 ஆகும்போது நீளம் சரிபாதியாகும், கோட்டின் கனமும் அப்படியே. 0.18 கோடு 0.09 ஆகிவிடும். அச்சில் அது சில இடங்களில் தெரியும், சில இடங்களில் காணாமற்போகும். ஆகவே இந்தப் படத்துக்கு மிகச் சிறிய பேனா 0.25 ஆகவே இருக்கட்டும். சுவரையும் தளத்தையும் வெட்டிக்காட்டும் இடங்களுக்கு 0.7, புறக்கோட்டுக்கு 0.5, கபோதம், பஞ்சரம் (சிறு கோவில் வடிவ அலங்காரம்) போன்ற உறுப்புகளின் வடிவத்துக்கு 0.35, அவற்றின் உள்வேலைக்கு 0.25 என்று நான் பிரித்துக்கொள்வேன். படத்தின் கீழே 1:25 என்று எழுதிவிடாதீர்கள், சுருக்கியபின் அது பொய்யாகிவிடும். மீட்டர் அளவைக் காட்டும் கோடு ஒன்றை வரைந்துவிட்டால் எத்தனை முறை சுருக்கினாலும் அதுவும் உடன் சுருங்கி உண்மையைச் சொல்லும்.

லெனேசியாவிலிருந்து

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களாக ஊறவைத்துக் கழுவியதில் வெள்ளையும் பழுப்பும் எழுதத் தொடங்கிவிட்டன. பழுப்பைக் காதருகே வைத்துக் குலுக்கி முதல் 'டிக்' ஒலி கேட்டபோது, மாமா கோடு போடுமுன் இப்படிக் குலுக்குவது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. மஞ்சளும் நீலமும் வெறும் நீரிலேயே சரியாயின. காம்பஸ் இணைப்பும் பெட்டியின் அடியில் கிடைத்தது.

சிவப்பில்தான் தவறு செய்துவிட்டேன். ஐயா எச்சரித்தும், எடை அசைவதைக் கண்ட மகிழ்ச்சியில் சற்றே இழுத்துவிட்டேன், கம்பி வளைந்துவிட்டது. படத்துக்கு அது தேவையில்லை என்று பெரியா சகோதரி சொன்னது ஓரளவு ஆறுதல். இன்னும் ஒரே ஒரு கேள்வி. பெட்டியில் எழுத்து எழுதும் அச்சுத்தகடு ஒன்று இருக்கிறது, அதில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே உள்ளன. உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும் என்பது குழுவின் முடிவு. எந்தப் பேனாவால், எந்த உயரத்தில் எழுதுவது?

சாட்ஸ்வொர்த்திலிருந்து

வருந்தாதீர்கள் அம்மா, இந்தத் தொழிலில் இருந்த அனைவரும் ஒரு 0.18 முனையையாவது அப்படி இழந்திருப்போம். முனையை மட்டும் தனியாக விற்கிறார்கள். மாமாவின் பேனாவுடலை வைத்துக்கொண்டு முனையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

அந்த அச்சுத்தகடு எழுத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கோட்டின் கனம் என்ற கணக்கில் செய்யப்பட்டது, 3.5 மி.மீ. எழுத்துக்கு 0.35 பேனா. இந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர வேண்டாம். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில் சுழிகள் இல்லை. நம் 'ண'வுக்கு மூன்று சுழிகள், 'ணை' என்றால் இன்னும் கூடுதல். அந்தக் கனத்தில் எழுதினால் சுழிகள் அடைந்து கரும்புள்ளிகளாகிவிடும், பாதியாகச் சுருக்கியபின் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தோன்றும். விமானத்து மூலை உறுப்பின் பெயரான 'கர்ணகூடு' என்பதை எழுதிச் சோதித்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். 0.35 பேனாவால் 7 மி.மீ. உயரத்தில் எழுதுங்கள். அச்சில் அது 3.5 மி.மீ. எழுத்தாகவும் 0.18க்குச் சற்றுக் குறைந்த கோடாகவும் வரும், முதியவர்களும் கண்ணாடியோடு படிக்கலாம்.

எழுத்தைத் தாளில் நேரடியாக எழுதாதீர்கள். வேறு காகிதத்தில் 7 மி.மீ. இடைவெளியுள்ள இரு கோடுகளுக்கிடையே பென்சிலால் எழுதி, கொம்பும் காலும் மேலும் கீழும் நீள்வதற்கு இடம் விட்டு, அந்தக் காகிதத்தை டிரேசிங் பேப்பரின் அடியில் நகர்த்தி, இடம் சரியாக அமைந்தபின் அதன்மேல் மையிடுங்கள். சுழிக்குள் பேனா திரும்பும்போது அவசரப்பட வேண்டாம், ஆனால் நின்றுவிடவும் கூடாது. ஒரு நாளில் பத்துச் சொற்களுக்கு மேல் நான் எழுதியதில்லை. எழுதி முடித்ததும் முனையை ஈரத்துணியால் துடைத்து, மூடியை இறுக மூடி, ஈரப்பஞ்சுப் பெட்டிக்குள் நிறுத்திவிட்டே மேசையை விட்டு எழுந்திருங்கள்.